முறிய வேண்டியது முறியட்டும்

"ஐயா, அடியில கொஞ்சம் ஒயில் கசியுது. இந்தக் காணியை வெட்டி முடிச்சிட்டுக் கொண்டு வாறன். பரவாயில்லைத்தானே?"

ஆவணி பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். காலபோக விதைப்புக்கு முன்னர் வரம்பும் வாய்க்கால் கரையும் துப்புரவாக வேண்டும். தென்னங்காணிகளில் பற்றை இடுப்பளவு நிற்கும். ட்ரக்டரும் அதன் பின்னால் பூட்டிய, பற்றை வெட்டும் ஸ்லாஷரும் ஒரு நாள் நின்றாலும் உரிமையாளருக்கு நட்டம். அவருடைய அவசரம் எனக்கு விளங்கும். ஆனாலும் என் பதில் ஒன்றுதான்: "வெட்டுறதை நிப்பாட்டிப்போட்டு இண்டைக்கே கொண்டு வா தம்பி."

கசிவது ஒரு கோப்பை ஒயிலாக இருக்கலாம். அந்த இடத்தில் இருப்பது ஒயில் சீல் என்னும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு றப்பர் வளையம். அதை மாற்ற அரை நாள் போதும். மாற்றாமல் ஓட்டினால் அந்தப் போகம் முடிவதற்குள் பேரிங்கும் பல்லுச்சில்லும் சேர்ந்து போகும். நாற்பது வருடங்களில் நான் திறந்து பார்த்த கியர்பொக்ஸ்களில் வயதுபோய், பல் தேய்ந்து செத்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை ஒரு சீலாலோ, ஒரு போல்டாலோ, ஒரு பின்னாலோ செத்தவை.

நான் வற்றாப்பளைக்காரன். நந்திக்கடலின் மேற்குக் கரையில், கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. 1984ஆம் ஆண்டு, 17 வயதில், முள்ளியவளையில் ஒரு கராஜில் கைவேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் வயல்களில் உழுதவை மெசி பேர்கசன் 35உம் 135உம். கலப்பை, பெட்டி, நெல்லடிப்பு என்று எல்லாம் அவற்றோடுதான். பற்றை வெட்டும் ஸ்லாஷர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். சேர்ந்து ஏழெட்டு மாதத்தில், கரையோரத் தென்னந்தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு ஸ்லாஷரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் பெரிய இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. மேலே ஒரு கியர்பொக்ஸ். கீழே, சட்டிக்குள், ஒரு குறுக்குச் சட்டமும் அதன் இரு முனையிலும் இரண்டு கத்தியும். இவ்வளவுதான் இயந்திரம்.

அண்ணை என்று நாங்கள் கூப்பிட்ட என் ஆசான், ட்ரக்டரோடு அதைச் சேர்க்கும் சாஃப்டிலிருந்து இரண்டாக முறிந்த ஒரு போல்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"உந்த மெசினில எது விலை கூடின சாமான்?"

"பல்லுச்சில்லு, அண்ணை."

"அதைக் காப்பாத்தினது எது?"

நான் கையைப் பார்த்தேன். அவர் விரலளவு மொத்தமான வேறொரு போல்டை எடுத்துக் காட்டினார். அது கெட்டி உருக்கு. "இதைப் பூட்டினா முறியாது. ஆனா அடுத்த குற்றியில அடிபடேக்க உள்ள பல்லுப் போகும். முறிய வேண்டியது முறியட்டும் விடு. முறியக்கூடாதது முறிஞ்சா நான் எங்க போறது?"

அன்று அதைக் கேட்டு வைத்தேன். அதன் பொருள் விளங்க எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

வேலை செய்யும்போது இந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ட்ரக்டரின் பின்பக்கத்திலிருந்து ஸ்லாஷருக்குச் சுழற்சி கொடுக்கும் பி.ரி.ஓ. சாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். மெசி 135இல் எஞ்சின் 1,700 சுற்றில் ஓடும்போது அந்த 540 கிடைக்கும். கியர்பொக்ஸுக்குள் கூம்பு வடிவான இரண்டு பல்லுச்சில்லுகள் உண்டு. ஒன்று படுக்கையாக வரும் சுழற்சியை வாங்கும்; மற்றது அதை நிமிர்த்திக் கீழே கொடுக்கும். கொடுக்கும்போது வேகம் பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றரை மடங்காகும், சிலவற்றில் அதற்கும் கூட. ஐந்தடி அகலம் வெட்டும் இயந்திரத்தில் சட்டம் 800 சுற்றில் சுழன்றால், கத்தியின் நுனி மணிக்கு 230 கிலோமீற்றர் வேகத்தில் போகும். கத்திகள் சட்டத்தோடு அசையாமல் இறுக்கப்பட்டவை அல்ல. ஊஞ்சல்போலத் தொங்கி நின்று, சுழலும்போது வெளியே நீளும். குற்றியிலோ கல்லிலோ பட்டால் பின்னால் மடங்கி விலகும். மடங்கியும் தாங்க முடியாத அடியை முறியும் போல்ட் வாங்கிக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் அடி நேராகப் பல்லுக்குப் போகும். இயந்திரத்தைச் செய்தவன் வேண்டுமென்றேதான் அந்தப் போல்டைப் பலவீனமாகச் செய்து வைத்திருக்கிறான்.

1990களில், போர்க்காலத்தில், எங்கள் வன்னிக்குள் பொருளாதாரத் தடை. டீசல், பற்றரி, சீமெந்து எதுவும் தாராளமாக வராது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ட்ரக்டர் சாமான் என்றால் தங்கம். கழற்றிய கியர் ஒயிலைப் பழைய சாரத்துணியில் இரண்டு தரம் வடித்து மறுபடி ஊற்றினோம். ஒயில் சீலுக்கு டயர் றப்பரை வெட்டிப் பார்த்தேன். சூட்டில் இளகி ஒரு கிழமையில் போனது. மாட்டுத்தோலை வட்டமாக வெட்டி, இலுப்பெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டு, தகரத்துக்கு இடையில் வைத்து இறுக்கினேன். அது ஒரு போகம் தாங்கியது. அந்தத் தோல் சீலைப் பார்க்கத் தண்ணீரூற்றிலிருந்தும் குமுழமுனையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கைவசம் இருப்பதைக் கொண்டு சமாளிப்பவன்தான் நல்ல மெக்கானிக் என்று நானும் நம்பினேன், ஊரும் நம்பியது.

அந்தப் பெருமையோடுதான் பெரிய பிழையை விட்டேன். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த வருடத்திலும் சனம் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்துகொண்டிருந்தது. கொட்டில் போடக் காணி வேண்டும், காணியில் பற்றை. ஊரில் ஓடக்கூடிய நிலையில் ஒரேயொரு ஸ்லாஷர் இருந்தது. நாளுக்கு இரண்டு மூன்று தரம் போல்ட் முறியும். என்னிடம் இருந்த போல்டெல்லாம் முடிந்தது. ஓட்டுநர் பெடியன் வந்து நின்றான். மரத்துக்குக் கீழே குழந்தைகளோடு சனம் காத்திருக்கிறது. நான் உருக்குக் கம்பி ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் தட்டி மடக்கிப் பூட்டிவிட்டேன். அன்று முழுவதும் அது முறியவில்லை. பின்னேரம் அவன் வந்து, "அண்ணை, சோக்கான வேலை" என்றான்.

அடுத்த நாள் காலை, புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு பாலைக் குற்றியில் சட்டம் அடித்தது. பாலை வைரம் பாய்ந்த மரம். கம்பி முறியவில்லை. உள்ளே மூன்று பல் முறிந்தது. முறிந்த துண்டு மற்றப் பற்களுக்கிடையில் போய் மிச்சத்தையும் தின்றுவிட்டது. அதே பல்லுக்கணக்குள்ள சில்லு வன்னிக்குள் எங்கும் இல்லை. அந்த ஸ்லாஷர் என் கொட்டிலுக்குப் பின்னால் ஆறு வருடம் கிடந்தது. அந்தச் சனம் மிச்சப் பற்றையைக் கத்தியாலும் கோடரியாலும் வெட்டிக் கொட்டில் போட்டார்கள். கையில் கொப்புளத்தோடு ஒரு வயதான ஆசிரியர் என் கராஜ் வாசலில் வந்து கத்தி தீட்டிக்கொண்டு போனது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. என் கையில் ஈயத்துண்டோ மெல்லிய ஆணியோ இருந்திருந்தால்கூட அதைப் பூட்டி, நாளுக்குப் பத்துத் தரம் மாற்றியிருக்க வேண்டும். முறியாத ஒன்றைப் பூட்டியது அன்று நான் விட்ட பிழை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. முதல் மாதமே வவுனியா போனேன், பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தை. தெருவின் இரண்டு பக்கமும் உதிரிப்பாகக் கடைகள். முதலில் வாங்கியது என்ன என்று வீட்டுக்காரி கேட்டாள். இரண்டு கிலோ மென்னிரும்பு போல்ட் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அந்தப் போல்டில் ஐந்தைந்தாக எடுத்துச் சிறு துணிப்பையில் கட்டி, என்னிடம் வேலைக்கு வரும் ஒவ்வொரு ட்ரக்டரின் கருவிப் பெட்டியிலும் போட்டுவிட்டேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். அதற்குத் தனிக்காசு வாங்குவதில்லை.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் படித்தேன். ஒயில் சீலை "ஸ்லாஷர் சீல்" என்று கேட்டால் கிடைக்காது. அதன் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: சாஃப்டின் தடிப்பு, வெளி வட்டம், அகலம். பேரிங்கிலும் அப்படியே, 30208 என்று எண் இருந்தால் உலகத்தில் எந்தக் கடையிலும் அது 40 மில்லிமீற்றர் சாஃப்டுக்கான டேப்பர் பேரிங். அதற்குப் பிறகு நான் திறக்கும் ஒவ்வொரு பெட்டியின் எண்களையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இத்தாலிப் பெட்டி, இந்தியப் பெட்டி, சீனப் பெட்டி எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறின.

2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமியில் கடல் முல்லைத்தீவு நகரைத் தின்றது. சாவு வீடுகளுக்குப் போய்வந்து பல நாள் கழித்துத்தான் இயந்திரங்களைப் பற்றி யோசிக்க முடிந்தது. மணலுக்குள் புதைந்திருந்த ஒரு ஸ்லாஷரையும் மண் கிளறும் இரண்டு றோட்டவேட்டரையும் இழுத்து வந்தார்கள். அடிமூடியைக் கழற்றினால் பால்போல வெள்ளையாக ஏதோ வழிந்தது. ஒயிலும் கடல்நீரும் கலந்தால் அந்த நிறம் வரும். அதோடு ஒரு நாள் ஓட்டினாலும் பேரிங் போய்விடும். நல்ல தண்ணீரால் இரண்டு தரம், டீசலால் இரண்டு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, புது ஒயில் விட்டு, கையால் சுற்றி, அந்த ஒயிலையும் வடித்துவிட்டு மறுபடி விட்டோம். மூன்றில் இரண்டு பிழைத்தன. பிழைக்காத றோட்டவேட்டர் கடைசியாக வந்தது. உப்பு மூன்று கிழமை உள்ளே இருந்துவிட்டது. கடல் வராத ஊரிலும் ஒயிலுக்குள் தண்ணீர் போகும். கியர்பொக்ஸின் மேல்மூடியில் ஊசித் துவாரம் ஒன்று உண்டு. சூட்டில் உள்ளே எழும் காற்று வெளியேறும் மூச்சுத் துவாரம் அது. மண் அடைத்தால் காற்றுக்கு வழியில்லாமல் சீலை நெம்பிக்கொண்டு ஒயிலோடு வெளியே வரும். இரவில் பெட்டி குளிரும்போது அதே வழியால் பனியும் மழைத்தண்ணீரும் உள்ளே இழுபடும். ஒரு ஊசியால் அந்தத் துவாரத்தைக் குத்திவிடுவது அரை நிமிட வேலை.

2009 பிறந்தபோது, போர் நெருங்க, ஊரை விட்டுப் புறப்பட்டோம். பேரிங் கழற்றும் புல்லரையும் ஆட்டம் அளக்கும் டயல் கேஜையும் எண்கள் எழுதிய கொப்பியையும் கிரீஸ் பூசிய தகரப் பெட்டியில் வைத்து, தென்னைக்குக் கீழே தாட்டேன். முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் என்று போன பாதையை இங்கே எழுதப் போவதில்லை. 2011இல் திரும்பி வந்து தோண்டியபோது புல்லர் நன்றாக இருந்தது. டயல் கேஜின் ஊசி அசையவில்லை. கொப்பியில் பாதிப் பக்கங்கள் வாசிக்கக்கூடியதாக இருந்தன.

அந்த வருடங்களில் வன்னி முழுவதும் பற்றை. வயலில் காண்டையும் விடத்தலும் ஆளுயரம். வளவுக்குள் வீட்டு அத்திவாரம் தெரியாது. உதவித் திட்டங்களிலும் கடனிலும் புது ட்ரக்டர்கள் வந்தன. சென்னைக் கம்பனி டாஃபேயின் ட்ரக்டரைத் திறந்தால் உள்ளே என் பழைய மெசியின் உறவுதான். கைக்குப் பழகிய வேலை. கூடவே ஸ்லாஷர்களும் வந்தன. என் கராஜுக்கு வரும் ஓட்டுநர்களுக்கு நான் முதலில் சொன்னது மெக்கானிக் வேலையைப் பற்றியதல்ல. மிதிவெடி அகற்றுவோர் முடித்து, கடிதம் கொடுத்து ஒப்படைத்த காணியில் மட்டும் இறங்கு. மண்டையோட்டுப் பலகை நின்ற எல்லைக்கு அப்பால் ஒரு சில்லும் வைக்காதே. ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களில் வேலை செய்த எங்கள் ஊர்ப் பெண்கள் வெயிலில் குந்தியிருந்து அங்குலம் அங்குலமாக மண்ணை வாரிப் பார்த்துத் தந்த காணி அது. அவர்கள் முடிக்கும்வரை பொறுக்க மாட்டாத ஓட்டுநரின் இயந்திரத்தை நான் தொடமாட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

அந்த வருடங்களில் ஒருமுறை, பற்றை வெட்டிய ஒரு ஸ்லாஷர் ஒயில் கசிவோடு வந்தது. குறுக்குச் சட்டத்தைக் கழற்றினேன். சாஃப்டைச் சுற்றி, சீலுக்குக் கீழே, இறுக்கமாக ஏதோ சுற்றியிருந்தது. வழக்கமாக நைலோன் கயிறோ வலைத் துண்டோ முள்ளுக்கம்பியோ அங்கே சுற்றிக்கொள்ளும். சூடேறி இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். இது துணி. கத்தியால் கீறி அவிழ்த்தேன். மண்ணும் ஒயிலும் ஊறிய சேலை. ஓரத்தில் சரிகைக் கரை மினுங்கியது. பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சனம் கூறைச் சேலையையும் வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன், நாங்களும் வெட்டினோம். என்னோடு வேலை செய்த பெடியன் அதைக் குப்பையில் போடக் கை வரவில்லை என்றான். கழுவிக் காயவைத்துக் கராஜ் மூலையில் வைத்தோம். சீலை மாற்றி இயந்திரத்தை அனுப்பினேன். அதன் பிறகு நான் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன்: பற்றை வெட்ட முன்னர் காணியை ஒருவர் நடந்து பார்த்துத் துணி, கயிறு, கம்பி எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும், பின்னேரம் இயந்திரத்தை நிறுத்தியதும் சாஃப்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

சீல் மாற்றும் வேலை சுலபம்போலத் தெரியும். அதில் பிழை விட்டுத்தான் நான் படித்தேன். பழைய சீலின் உதடு பல வருடம் உரசி, சாஃப்டில் மெல்லிய பள்ளம் ஒன்றை வெட்டியிருக்கும். நகத்தை ஓட்டினால் தடக்கும். புதுச் சீலை அதே இடத்தில் பூட்டினால் அதுவும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து மறுமாதம் கசியும். இரண்டு மில்லிமீற்றர் முன்பின் தள்ளி, உதடு புது இடத்தில் படும்படி பூட்ட வேண்டும். பூட்டும்போது சாஃப்டின் பல்லு உதட்டைக் கீறிவிடும்; பழைய பொலித்தீன் தாளைப் பல்லின்மேல் சுற்றி, உதட்டுக்கு ஒயில் தடவி, அதன்மேலால் வழுக்கி இறக்கினால் கீறாது. எல்லாவற்றுக்கும் முன்னர் சாஃப்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பிழை சீலில் இல்லை, பேரிங்கில். பேரிங் ஆடும் பெட்டிக்குச் சீல் மாற்றிக் காசு வாங்குவது ஏமாற்று வேலை.

ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 90ஆம் இலக்கக் கியர் ஒயிலை, அளவுத் துவாரத்தின் விளிம்புக்கு வரும்வரை விட்டால் போதும். கூட விட்டால் நல்லது என்று நிரப்புகிறார்கள்; சூட்டில் அது பெருகிச் சீலைத் தள்ளும். கசியும் பெட்டிக்குள் கிரீஸை அடைத்து ஓட்டுவோரும் உண்டு. பல்லு கிரீஸை ஒருதரம் ஒதுக்கித் தள்ளிவிட்டால் அது திரும்பி வராது. மேல் பேரிங் வரண்டு எரியும்.

இனிக் குறுக்குச் சட்டம். அதைச் சாஃப்டில் பிடித்திருப்பது ஒரு பெரிய நட்டு. நட்டின் தலையில் வெட்டுகள் இருக்கும். அதற்குள்ளால் ஒரு கொட்டர் பின். பின் இல்லாத நட்டு மெல்ல இளகும். இளகினால் சட்டம் சாஃப்டின் பல்லில் நடுங்கும். ஒரு போகத்தில் பல் உருண்டையாகிவிடும். அந்த நட்டை இறுக்க நான் ஸ்பனரில் ஆறடிக் குழாயைச் செருகி என் முழுப் பாரத்தையும் கொடுப்பேன். ஒரு நாள் ஓடியபின் மறுபடி இறுக்குவேன். வெட்டுக்கும் துவாரத்துக்கும் நேர் வரவில்லை என்றால் நட்டை முன்னுக்குத்தான் இறுக்க வேண்டும், பின்னுக்கு இளக்கக் கூடாது.

2013இல் ஒருநாள் ஒரு ஸ்லாஷரின் கத்தி இரண்டையும் தீட்டிப் பூட்டினேன். கத்தியைப் பிடிக்கும் போல்டின் பழைய நட்டுகளையே மறுபடி போட்டேன். அவை ஒருதரம் பூட்ட மட்டும் செய்த, தானே இறுகிப் பிடிக்கும் நட்டுகள். மறுதரம் போட்டால் பிடி இருக்காது. எனக்குத் தெரியும். கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டேன். மூன்றாம் நாள் ஒரு கத்தி கழன்று, பின்பக்கச் சங்கிலித் திரையைக் கிழித்து, பனையோலை வேலியைத் தாண்டி, அடுத்த வளவுத் தென்னையில் நாலு விரல் ஆழத்துக்கு ஏறி நின்றது. அந்தத் தென்னைக்குக் கீழே ஒரு பாய் விரித்திருந்தது. பாயில் அந்த நேரம் யாரும் இல்லை. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. "என்ரை பேத்தி இப்பதான் எழும்பி உள்ள போனவள்" என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து கத்தியைக் கழற்றினால் போல்டும் நட்டும் புதிது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

மிஞ்சிய ஒற்றைக் கத்தியோடு புதுக் கத்தி ஒன்றைச் சோடி சேர்க்கலாமா என்று அந்த ஸ்லாஷரின் உரிமையாளர் கேட்டார். கூடாது, கத்திகளைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஏன் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு வார்த்தை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் என் மருமகளிடம் கேட்டேன். பலசரக்குக் கடைத் தராசில் இரண்டு கத்தியையும் நிறுத்தோம். 200 கிராம் வித்தியாசம். அவள் கொப்பியில் கணக்குப் போட்டாள். "மாமா, நடுவிலயிருந்து ரெண்டடி தள்ளி, 800 சுற்றில 200 கிராம் எண்டா, ஏறக்குறைய 85 கிலோ நிறை சாஃப்டை ஒரு பக்கமா இழுத்த மாதிரி. அதுவும் ஒரு செக்கனுக்குப் பதின்மூண்டு தரம் திசை மாறி." ஒரு முழு மனிதன் சாஃப்டில் தொங்கிக்கொண்டு சுழல்கிறான் என்று உரிமையாளருக்குச் சொன்னேன். உடனே இரண்டு கத்தி வாங்கினார். இப்போது தீட்டிய கத்தியையும் நிறுத்துத்தான் பூட்டுகிறேன்.

தீட்டுவதிலும் அளவு உண்டு. கத்தி சவரக்கத்திபோல இருக்கக் கூடாது. முதல் கல்லிலேயே விளிம்பு மடங்கும். ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு விளிம்பில் நிற்க வேண்டும். வளைந்த கத்தியைச் சூடாக்கி நிமிர்த்துவதை நான் விட்டுப் பல வருடம். சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். அது பிறகு வெட்டுமிடத்தில் வெடித்துப் பறக்கும்.

சட்டத்தின் கனம் தரும் ஆபத்து இன்னொன்று. ஒரு கிளச் மட்டுமே உள்ள பழைய மெசி 35இல் ஸ்லாஷரைப் பூட்டிய ஒரு பெரியவர், கிணற்றுக் கட்டுக்கு முன்னால் கிளச்சை மிதித்தார். ட்ரக்டர் நிற்கவில்லை. சுழன்றுகொண்டிருந்த சட்டத்தின் வேகம் பி.ரி.ஓ. வழியாகத் திரும்பி வந்து சில்லைத் தள்ளியது. கட்டில் முட்டி நின்றதால் தப்பினார். பி.ரி.ஓ. சாஃப்டில் பூட்டும் ஓவர்றன் கிளச் என்ற கையளவு சாமான் அந்தத் திருப்பு வேகத்தை அறுத்துவிடும். அது இல்லாமல் அந்த மாதிரிப் பழைய இயந்திரத்தில் நான் ஸ்லாஷர் பூட்டுவதில்லை.

2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தார்கள். 2021இல் இரசாயன உரத்தோடு களைநாசினிகளும் தடைப்பட்டன. அந்த வருடக் கடைசியில்தான் தளர்த்தினார்கள். மருந்தடித்துப் பழகிய காணிகளெல்லாம் ஸ்லாஷருக்குத் திரும்பின. எனக்கு வேலை குவிந்தது. அதற்கு அடுத்து 2022. டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை. டொலர் இல்லை, சாமான் வரவில்லை. ஒருநாள் மாலை ஒரு இளம் மெக்கானிக், இருபத்திரண்டு வயது, தன் வேலையைக் காட்டப் பெருமையோடு வந்தான். போல்ட் தட்டுப்பாட்டுக்கு அவன் கண்டுபிடித்த வழி: கொங்கிரீட் கம்பித் துண்டு.

எனக்கு 1996 ஞாபகம் வந்தது. அவனைத் திட்டவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப் போய், இன்னமும் வைத்திருக்கும் அந்தப் பல் முறிந்த சில்லைக் கையில் கொடுத்தேன். கதையைச் சொன்னேன். அவன் கம்பியைக் கழற்றினான். நான் என் துணிப்பையில் மிஞ்சியிருந்ததில் பாதியைக் கொடுத்தேன்.

தட்டுப்பாடு எங்களுக்கு நிறையக் கற்றுத் தந்தது. எதையும் எறியாதே, எதையும் திருத்தலாம், இல்லாததைச் செய்து கொள் என்று. அந்தக் கல்வியால்தான் நாங்கள் உயிர் பிழைத்தோம்; அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் ஒரு பிழையும் ஒட்டிக்கொண்டது. மலிவான சாமானைச் சேமிப்பதுதான் கெட்டித்தனம் என்று பழகிவிட்டோம். ஸ்லாஷரில் மலிவான சாமான்கள்தான் காவல். போல்ட் பல்லைக் காக்கிறது. சீல் பேரிங்கைக் காக்கிறது. பின் சாஃப்டைக் காக்கிறது. சங்கிலித் திரை பக்கத்து வளவுப் பிள்ளையைக் காக்கிறது. இவற்றில் கஞ்சத்தனம் பிடிப்பவன் பெரிய சாமானைப் பணயம் வைக்கிறான்.

வைகாசி விசாகப் பொங்கலுக்கு ஆயிரக்கணக்கில் சனம் எங்கள் ஊருக்கு நடந்து வரும். அதற்கு முன்னர் சித்திரையிலேயே தெருவோரப் பற்றை வெட்ட இயந்திரங்கள் இறங்கும். காலபோகத்துக்கு முன்னர் ஒருதரம், பொங்கலுக்கு முன்னர் ஒருதரம், வருடத்தில் இரண்டு தரம் இதைச் செய்யுங்கள். ட்ரக்டர் எஞ்சினை நிறுத்தித் திறப்பைச் சட்டைப்பையில் போடுங்கள். கத்தி முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். ஸ்லாஷரை உயர்த்தி, ஹைட்றோலிக்கை நம்பாமல், இரண்டு பக்கமும் தடித்த பனங்குற்றி வையுங்கள். பிறகு குனிந்து பாருங்கள்: பின் இருக்கிறதா, நட்டு இறுக்கமா, கத்திப் போல்ட் ஆடுகிறதா, சாஃப்டில் ஏதும் சுற்றியிருக்கிறதா, ஒயில் ஈரம் தெரிகிறதா. மேலே ஏறி ஒயில் அளவையும் மூச்சுத் துவாரத்தையும் பாருங்கள். கருவிப் பெட்டியில் ஐந்து மென்னிரும்பு போல்ட் இருக்கட்டும். முழுவதும் இருபது நிமிட வேலை.